பிள்ளைக்கு பிட்யூட்டரி கட்டி, மூக்காலயோ ஒப்பரேசன்?

கொக்குவில் அம்மா: மகளுக்கு 12 வயசு, ஒரே தலையிடி, ஓரக்கண் பார்வையும் குறைவு, எம்ஆர்ஐ பாத்திட்டு மூளைக்கு அடியில இருக்கிற பிட்யூட்டரிச் சுரப்பியில கட்டி எண்டினம், கொழும்புக்குப் போய் மூக்குக்குள்ளால எடுக்கோணுமாம், சின்னப்பிள்ளைக்கு அது சரிவருமோ?

நல்லூரான்: ஓமக்கா, இப்ப அனேகமா மண்டையைத் திறக்காமத்தான் செய்யினம். சின்னனுகளுக்கு மூக்குக்குப் பின்னால இருக்கிற எலும்பறை முழுசா விரிஞ்சிருக்காது, அதால சிடி ஸ்கானும் எடுத்துப் பாத்துத்தான் அதைத் துளைப்பினம். அதுசரி, புரோலக்ரின் எண்ட ஹோமோனுக்கு ரெஸ்ற் செய்தவையோ? அதைக் கூடுதலாச் சுரக்கிற கட்டியெண்டா கபர்கோலின் குளிசையிலயே அனேகமா சுருங்கும்.

வாட்டுத் தாதி: ஒப்பரேசனுக்குப் பிறகு மூத்திரம் கணக்கில்லாமப் போய் தண்ணி தண்ணியெண்டு கேட்டா உடன சொல்லுங்கோ, அதைக் குறைக்க டெஸ்மோபிரெசின் மருந்து குடுப்பினம். மூக்கால தெளிஞ்ச தண்ணி வடிஞ்சாலும்தான். மூக்குச் சீற விடாதேங்கோ.

கொக்குவில் அம்மா: புரோலக்ரின் றிப்போட் நாளைக்குத்தான் தம்பி வரும்.