புரட்டாசியில் வேட்டையா?

குழு: தெற்குத் தெரு வீடு (கல்லிடைக்குறிச்சி)

செண்பகம் அத்தை: இசக்கி வேட்டைக்குப் போகிறானாமே? புரட்டாசி முடியவே இல்லை.

காந்திமதி சித்தி: யார் சொன்னது?

செண்பகம் அத்தை: அவன் மாமியார். சேரன்மகாதேவி கல்யாண வீட்டில் வைத்து.

இசக்கி: உண்மைதான் அத்தை. ஐந்து நாள். இங்கே அமெரிக்காவில் கொலராடோ மலையில் எல்க் மான். லைசென்ஸ் வாங்கிவிட்டேன்.

மாடசாமி மாமா: நம் காட்டு மிளா மானை விடப் பெரியதா?

இசக்கி: ஆமாம் மாமா. கிடா 300 கிலோவுக்கு மேல் வரும். அங்கேயே எலும்பை நீக்கி, கறியைப் பல நடையாகத் தோளில் சுமந்து இறக்க வேண்டும்.

காந்திமதி சித்தி: அந்த ஊர்க் கடையில் கறி விற்பதில்லையா?

பெரியப்பா: இசக்கி, நிதானமாகப் படி. 1972-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு முன்பு உன் தாத்தா காரையாறுக்கு மேலே வேட்டைக்குப் போவார். எந்த ஓடை, யாரோடு, எந்தக் கிழமை விளக்கு வைப்பதற்குள் திரும்புவேன் என்று ஆச்சியிடம் மூன்றையும் சொல்லிவிட்டுத்தான் படி இறங்குவார். ஒரே ஒரு தடவை சொன்ன ஓடையை விட்டு வேறு ஓடையில் இறங்கினார். கால் பிசகிப் பாறை இடுக்கில் இரண்டு இரவு கிடந்தார். தேடிப் போனவர்கள் அவர் சொன்ன ஓடையையே சல்லடை போட்டார்கள். இன்னொன்று, வெறும் துப்பாக்கி என்று ஒன்று கிடையாது. தோட்டா இருப்பதாகவே எண்ணிப் பிடி. புதர் அசைந்தால் சுடாதே. முழு உருவமும் தெரிய வேண்டும். அதற்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்றும் தெரிய வேண்டும்.

மாடசாமி மாமா: அந்தத் துப்பாக்கி இப்போது எங்கே இருக்கிறது?

பெரியப்பா: அதைப் பேச இது இடமில்லை.

மாடசாமி மாமா: தோப்பைப் பற்றிக் கேட்டாலும் இதே பதில்தான்.

காந்திமதி சித்தி: இந்தச் செய்தி அழிக்கப்பட்டது

செண்பகம் அத்தை: என்ன எழுதினாய், காந்தி?

இசக்கி: பெரியப்பா, இங்கே இதற்கு வகுப்பே உண்டு. 1949 முதல் பிறந்தவர்கள் எல்லாரும் தேறினால்தான் லைசென்ஸ்.

மாடசாமி மாமா: அப்படியானால் அண்ணனும் பரீட்சை எழுத வேண்டும்.

இசக்கி: இடுப்புக்கு மேலே பளிச்சென்ற ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு நிறச் சட்டையும் தொப்பியும் கட்டாயம். என்னுடையது ஆரஞ்சு. மானுக்கு அந்த நிறம் பிரித்துத் தெரியாது, மனிதனுக்குத் தெரியும்.

செண்பகம் அத்தை: ஐயப்பசாமி மாதிரி இருப்பான்.

பெரியப்பா: குளிர்?

இசக்கி: கூடாரம் 10,000 அடியில். பருத்தித் துணி நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும், அதனால் எல்லாம் கம்பளிதான். தலைவலியும் வாந்தியும் விடாமல் இருந்தால் உடனே கீழே இறங்கிவிடுவோம்.

பெரியப்பா: பொதிகை உச்சியே ஆறாயிரத்துச் சொச்சம் அடிதான்.

மாடசாமி மாமா: இங்கே காட்டுப்பன்றி நேற்றும் வாழையைச் சாய்த்துவிட்டுப் போயிருக்கிறது. அதைக் கேட்க நாதியில்லை.

காந்திமதி சித்தி: இசக்கிக்கு அப்பளம் அனுப்பலாமா? அவன் மனைவி மாலாவின் தம்பி செவ்வாய்க்கிழமை புறப்படுகிறான்.

செண்பகம் அத்தை: எத்தனை கட்டு?

ஆச்சி: (குரல் செய்தி, 14 விநாடி)

செண்பகம் அத்தை: சொரிமுத்தையனாருக்குக் காசு முடிந்து வைத்துவிட்டாளாம். கரடி உண்டா என்று கேட்கிறாள்.

இசக்கி: கருங்கரடி உண்டு ஆச்சி. சாப்பாட்டைக் கூடாரத்துக்குள் வைக்க மாட்டோம், தூரத்து மரத்தில் கட்டித் தொங்கவிடுவோம். மலைக்குள் செல்பேசி எடுக்காது. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி இருக்கிறது. ஞாயிறு இரவு எட்டு மணிக்குள் அனுப்புவேன், உங்களுக்குத் திங்கள் காலை ஏழரை. வராவிட்டால் யாராவது மாலாவை எழுப்ப வேண்டும். இரவு வேலை முடித்துத் தூங்குவாள். அவள் ஷெரிஃப் (இந்த ஊர்ப் போலீஸ்) அலுவலகத்துக்குச் சொல்வாள். தேடுவது அவர்கள் பொறுப்பு.

மாடசாமி மாமா: நான் கூப்பிடுகிறேன்.

பெரியப்பா: ஏழரைக்கு நீ எழுந்திருப்பாயா? நான் பார்த்துக்கொள்கிறேன்.

மாடசாமி மாமா: சரி, எல்லாவற்றையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

காந்திமதி சித்தி: மறுபடியுமா? அப்பளம் இரண்டு கட்டு போதுமா?

பெரியப்பா: இசக்கி, எந்த ஓடை என்று நீ சொல்லவே இல்லை.

இசக்கி: இன்னும் முடிவாகவில்லை பெரியப்பா. அங்கே போய்ப் பார்த்துதான்.

ஆச்சி: (குரல் செய்தி, 2 நிமிடம் 41 விநாடி)