ட்ரேஸ் இருக்கு, எஸ்பி இல்லை: ஓசிஎஸ்ல தாக்கலாமா?

ரயில்ஹெட்:
ஆபரேஷனல் காம்பாட் சீரிஸ்ல (ஓசிஎஸ், போர் பத்தின போர்டு கேம் வரிசை) இரண்டாம் உலகப்போர் கிழக்குப் போர்முனை ஆட்டம், ஜெர்மன் பக்கம். ஒரு பான்சர் டிவிஷன்: 3 ரெஜிமெண்ட், மொத்தம் 9 ஸ்டெப் (யூனிட்டோட பல அளவு). ஹெச்க்யூ (தலைமையகம்) ஒட்டியே நிக்குது, ரயில் வரைக்கும் ட்ரேஸ் (சப்ளை வழித்தடம்) தடையில்லாம போகுது. ஆனா எதிராளி, "எஸ்பி (சப்ளை பாயிண்ட்) இல்லாம தாக்க முடியாது"ங்கிறார். ட்ரேஸ் இருந்தாலே சப்ளை இருக்குன்னுதானே அர்த்தம்? இன்னொண்ணு, டர்னுக்கு 4 எஸ்பிதான் வருது. அதை வெச்சு எத்தனை டிவிஷனை நடத்தலாம்?

கவுண்டர்_கத்தரி:
எதிராளி சொல்றதுதான் சரி. ட்ரேஸ்ங்கிறது சோறு, எஸ்பிங்கிறது குண்டும் பெட்ரோலும். ட்ரேஸ் அறுந்தா யூனிட் பட்டினியில தேயும். ட்ரேஸ் இருந்தா தேயாது, அவ்வளவுதான். வண்டி நகரவும் சண்டை போடவும் மேப்ல இருக்கற எஸ்பியை எடுத்துச் செலவழிக்கணும். எஸ்பி கைக்கு எட்டாத இடத்துல இருந்தா இன்டர்னல் ஸ்டாக்ல (யூனிட் தன்கூடவே வெச்சிருக்கற இருப்பு) சண்டையைக் கொஞ்சம் சமாளிக்கலாம். ஆனா அது அவசரத்துக்கு வெச்ச சேமிப்பு, எடுத்தா திருப்பி நிரப்பணும்.

கணக்கை டோக்கன்ல போடுங்க, எஸ்பியில போட்டா குழம்பும். 1 எஸ்பி = 4 டோக்கன் (டி).

தாக்கறதுக்கு ஸ்டெப்புக்கு 1 டி, உங்களுக்கு 9 டி. எரிபொருள் டிவிஷன் முழுசுக்கும் சேர்த்துப் போட்டா 1 எஸ்பி, அதாவது 4 டி. மொத்தம் 13. கையில 16. மிச்சம் 3.

அந்த 3ஐ வேற எங்கயும் இறைச்சுடாதீங்க. எதிராளி திருப்பி அடிக்கும்போது ஒவ்வொரு தற்காப்புக்கும் 2 டி வேணும். பீரங்கி பேரேஜுக்குத் தனிச் செலவு. அதனால உங்க வரவுக்கு டர்னுக்கு ஒரே டிவிஷன், அதுவும் இழுத்துப் பிடிச்சுத்தான்.

பலரும் கோட்டை விடற இடம் ஒண்ணு: தனி யூனிட்டுக்கு எரிபொருள் 1 டி. உங்ககிட்ட 3 ரெஜிமெண்ட்தான்னா தனித்தனியா போட்டா 3 டியோட முடிஞ்சுது. 4 யூனிட்டுக்கு மேல போனாத்தான் மொத்தமா போடறது லாபம். ஆனா எக்ஸ்ப்ளாய்டேஷன்லயும் (சண்டைக்கு அப்புறம் மறுபடி நகர்ற கட்டம்) ஓட்டப் போறீங்கன்னா, போட்ட எரிபொருள் எந்தக் கட்டம் வரைக்கும் செல்லும்னு உங்க பதிப்பு விதியில பார்த்துட்டு முடிவெடுங்க.

அகலப்பாதை:
மேலே சொன்னது செலவு. வரவில் ஓர் ஓட்டை இருக்கிறது. 4 எஸ்பி வருவது ரயில் முடியும் இடத்துக்கு, போர்முனைக்கு அல்ல. சோவியத் தண்டவாளம் 1,524 மி.மீ., ஜெர்மன் 1,435 மி.மீ. அந்த 89 மி.மீ. வித்தியாசத்துக்காகத்தான் ஒவ்வொரு ரயில் ஹெக்ஸையும் (மேப்பின் அறுகோணக் கட்டம்) மாற்றிக்கொண்டே போகவேண்டியிருக்கிறது. பான்சர் ஓடும் வேகத்துக்குத் தண்டவாளம் ஓடாது. இடைவெளியை ட்ரக்தான் நிரப்ப வேண்டும்.

1 ட்ரக் பாயிண்ட் 1 எஸ்பி சுமக்கும். போய்த் திரும்ப இரண்டு டர்ன் ஆகும் தூரம் என்றால், டர்னுக்கு 4 எஸ்பி முனையில் இறங்க 8 ட்ரக் பாயிண்ட் வேண்டும். 4 மட்டும் வைத்திருந்தால் சராசரி 2 எஸ்பிதான். திரும்பி வரும் காலி வண்டியை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. தாக்குதல் நான்காவது, ஐந்தாவது டர்னில் தள்ளாடுவதற்கு அதுதான் காரணம்.

ஹெச்க்யூ எறிதூரத்தையும் (அது யூனிட்டுக்கு எஸ்பி அனுப்பக்கூடிய தூரம்) ஹெக்ஸ் எண்ணி அளக்காதீர்கள். ட்ரக் நகர்வுப் புள்ளியில் எண்ண வேண்டும். காட்டிலும் சதுப்பிலும் அது சட்டென்று சுருங்கும். டம்ப்பை, அதாவது எஸ்பி குவியலை, சாலை மேலேயே வையுங்கள்.

ஆறாம்_சுற்று:
ட்ரேஸை அற்பமா நினைச்சுடாதீங்க. எப்போ சரிபார்க்கிறாங்கங்கிறதுதான் அங்க விஷயம். 1999ல வந்த முதல் உலகப்போர் ஆட்டமான பாத்ஸ் ஆஃப் குளோரியில எஸ்பியே கிடையாது, வெறும் ட்ரேஸ். ஆனா அட்ரிஷன் கட்டத்துல (சப்ளை சோதிக்கிற கட்டம்) ஓர் ஆர்மி சப்ளை இல்லாம மாட்டினா, நிரந்தரமா ஆட்டத்தை விட்டே போயிடும், திரும்பக் கட்ட முடியாது. ஒவ்வொரு ரவுண்டுலயும் மத்திய வல்லரசுகள்தான் முதல்ல ஆடணும். அதனால டர்னோட கடைசியான 6வது ரவுண்டுல கடைசி நகர்வு எப்பவும் நேச நாடுகள் கையில. அப்ப பின்னாடி ஒரு இடத்தைப் பிடிச்சு வெட்டினா ஜெர்மானியருக்குப் பதில் சொல்ல வாய்ப்பே இல்லை. 5வது ரவுண்டுலயே சப்ளை மூலங்களான எசென், பிரெஸ்லாவ் வரைக்கும் விரல் வெச்சுத் தடம் பார்த்துடணும்.

ரயில்ஹெட்:
புரிஞ்சுது. அப்போ இந்த டர்ன் தாக்காம சேர்த்து வைக்கறதா?

கவுண்டர்_கத்தரி:
ஆமாம், ஒரு டர்ன் சும்மா இருங்க. 8 எஸ்பி சேர்ந்தா 32 டி. 12 செலவழிச்சு (தாக்க 9, எரிபொருள் 3) முதல் அடி, மறுபடி 12ல இரண்டாவது அடி, மிச்சம் 8 டியில நாலு தற்காப்பு. ஆனா எல்லாத்தையும் ஒரே டம்ப்ல குவிக்காதீங்க, எதிராளி பிடிச்சா மொத்தமும் உங்க கையை விட்டுப் போகலாம். ரெண்டு ஹெக்ஸ்ல பிரிச்சு, ரெண்டு மேலயும் ஒரு யூனிட்டை உட்கார வெச்சுடுங்க.

அகலப்பாதை:
காத்திருக்கும் டர்னில் ட்ரக்குகளைக் காலியாக முனையில் நிறுத்தி வைக்காதீர்கள். சரக்கை இறக்கியதும் ரயில் முடியும் இடத்துக்குத் திருப்பிவிடுங்கள்.

ஆறாம்_சுற்று:
இதுக்கே தலை சுத்துதுன்னா 1979ல வந்த கேம்பெயின் ஃபார் நார்த் ஆப்பிரிக்காங்கிற போர்டு கேம் பக்கம் போகாதீங்க. எரிபொருள் ஆவியாகறதுக்கே அதுல விதி உண்டு: டர்னுக்கு 3 சதவீதம், பிரிட்டிஷாருக்கு மட்டும் 7. இத்தாலியர் பாஸ்தா வேகவைக்கத் தனித் தண்ணீர்ங்கிற விதியைத்தான் எல்லாரும் கிண்டல் பண்றாங்க, ஆனா ஆடறவங்க கையை ஒடிக்கிறது இந்த சதவீதக் கணக்குதான்.