தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர மேடைக்கு விக்டோரியா காலக் காதல் நாடகம்: சந்தேகம்

கேள்வி: கதை 1862, இங்கிலாந்தின் யார்க்‌ஷயர். மனைவியை இழந்த துரை, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வரும் கவர்னஸ். அவளை இறந்தவளின் தங்கையாகவே வைத்தால் உருக்கமாக இருக்குமா?

பதில் 1: வேண்டாம் அக்கா, கல்யாணமே செல்லாது. நம் வீடுகளில் மச்சினியைக் கட்டுவது சகஜம். இங்கிலாந்தில் 1835 சட்டம் அதைத் தடுத்தது, 1907இல்தான் நீங்கியது. அந்நியப் பெண்ணாகவே இருக்கட்டும். கல்யாணக் காட்சி காலையில். 1886 வரை நண்பகலுக்குள் முடிக்க வேண்டும்.

பதில் 2: அவள் எங்கே சாப்பிடுகிறாள் என்பதில்தான் நாடகமே இருக்கிறது. வேலைக்காரர்களோடு உட்கார மாட்டாள், விருந்து மேசைக்கும் பெரும்பாலும் அழைப்பு வராது. தட்டு பாட அறைக்குப் போகும். சம்பளம் வருடத்துக்கு 25 பவுண்டு வையுங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை துரை கையால் வாங்கட்டும். அந்த மேசையருகே இருவரையும் தனியாக நிறுத்தலாம். தொட்டுப் பேச விட்டால் கெட்டது. பேர் போனால் அடுத்த வீட்டில் சேர நற்சான்றுக் கடிதம் கிடைக்காது.

பதில் 3: துரைக்குக் கறுப்புக் கோட்டு, தொப்பியில் கறுப்புப் பட்டை போதும், வருடக்கணக்கில் கறுப்பு உடுத்துவது விதவைகள்தான். டிசம்பர் காட்சியில் யாரும் விசிற வேண்டாம், டர்பனில் அப்போது கோடை என்றாலும் அங்கே குளிர்காலம், நாலு மணிக்கே விளக்கேற்றணும்!