ஃபுண்டுக், ஃபோண்டாகோ: தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

இழை நீண்டுவிட்டது. வந்த மடல்களை எல்லாம் வரிசையாகப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு விஷயம் இதுதான்: இடைக்கால மத்தியதரைக்கடல் வணிகம் பற்றிய பகுதியைத் தமிழாக்கும்போது ஒரு சொல்லில் வண்டி நின்றுவிட்டது. அயல்நாட்டு வணிகரும் அவர்கள் சரக்கும் தங்கிய கட்டடத்தின் பெயர் அது. அரபியில் ஃபுண்டுக், இத்தாலியத்தில் ஃபோண்டாகோ, ஸ்பானியத்தில் அல்ஓண்டிகா. மூன்றுக்கும் மூலம் பண்டோக்கியோன் என்ற கிரேக்கச் சொல். வருகிறவர் எல்லாரையும் ஏற்கும் இடம் என்று அதற்குப் பொருள்.

> 'சத்திரம்' என்று போட்டுவிட்டு அடுத்த பத்திக்குப் போகலாமே. யாருக்கும் புரியாமல் போகாது.

ஐயா, புரியும்தான். ஆனால் வேறொன்றாகப் புரியும். 15ஆம் நூற்றாண்டு எகிப்தின் அலெக்சாந்திரியாத் துறைமுகத்தில் வெனிஸ் வணிகர் ஒருவர் செம்பும் வெள்ளியும் கம்பளித் துணியும் ஏற்றி வந்து இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். சரக்கு முதலில் சுங்கச்சாவடிக்குப் போகும். எடை, மதிப்பு, வரி எல்லாம் அங்கே. அப்புறம்தான் வெனிஸ்காரர்களின் ஃபுண்டுக். நடுவில் முற்றம், கீழ்த்தளத்தில் சுற்றிலும் கிடங்கறைகள், மேலே தங்கும் அறைகள், தெருவைப் பார்க்க ஒரே ஒரு பெரிய வாசல். உள்ளே ரொட்டி சுட அவர்களுக்கென்று அடுப்பு, வழிபடச் சிற்றாலயம், பாதிரியார். வெளித்தெருவில் விற்க முடியாத ஒயினை உள்ளே தாராளமாகக் குடிக்கலாம். வழக்கு என்று வந்தால் அவர்கள் ஊரின் பிரதிநிதியான கன்சலே விசாரிப்பார்.

இருட்டியதும் அந்த வாசல் பூட்டப்படும், வெளியிலிருந்து. சாவி சுல்தானின் ஆட்களிடம். வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்திலும் அப்படியே. கட்டடமும் பெரும்பாலும் அரசுடையது. பழுதுபார்க்கும் செலவு சுங்கத்தின் தலையில் என்று எழுதிக்கொண்ட ஒப்பந்தங்கள் உண்டு.

1483இல் அந்த வழியாகப் போன ஃபெலிக்ஸ் ஃபாப்ரி என்ற ஜெர்மானியத் துறவி, வெனிஸ்காரர்களின் ஃபுண்டுக் முற்றத்தில் ஒரு பன்றி திரிந்ததை எழுதிவைத்திருக்கிறார். அதை அங்கே வைத்துக்கொள்ள சுல்தானிடம் காசு கொடுத்து அனுமதி வாங்கியிருந்தார்களாம். பன்றி மதிலைத் தாண்டாது, தாண்டாதவரை யாரும் கேட்கப் போவதுமில்லை. அந்த மதில் எதற்கு என்பதைப் பன்றியை வைத்தே சொல்லிவிடலாம்.

இதைச் 'சத்திரம்' என்று எழுதினால் வாசகர் மனத்தில் திண்ணையும் அன்னதானமும்தான் வரும். பூட்டு வராது, வரி வராது.

> லூக்கா நற்செய்தியில் நல்ல சமாரியன் அடிபட்டவனைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடம் கிரேக்க மூலத்தில் பண்டோக்கியோன்தான். தமிழ் வேதாகமம் அதைச் 'சத்திரம்' என்றே மொழிபெயர்த்திருக்கிறது. 'சத்திரத்தான் கையில்' இரண்டு பணம் கொடுப்பதாகவும் வருகிறது. காசு வாங்கும் சத்திரம் தமிழுக்குப் புதிதல்லவே?

இந்த மடல்தான் என்னை யோசிக்க வைத்தது. கூலி வாங்கினால் சத்திரம் ஆகாது என்ற வாதத்தை நான் விட்டுவிடுகிறேன். ஆனால் லூக்காவின் விடுதி முதல் நூற்றாண்டுப் பாலஸ்தீனச் சாலையோர விடுதி. யூதன், சமாரியன் என்று பார்க்காமல் யாரையும் ஏற்றது. கதையின் உயிரே அங்கேதான் இருக்கிறது. நாம் பேசும் 12 முதல் 15ஆம் நூற்றாண்டு வரையிலான நிறுவனம் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு நேர்மாறான வேலையைச் செய்தது. ஜெனோவாக்காரர்களுக்கு ஒன்று, கட்டலோனியாக்காரர்களுக்கு ஒன்று என்று ஊர் பார்த்துப் பிரித்து வைத்தது. பைபிளில் சத்திரம் இருக்கட்டும். இங்கே வேறு சொல் வேண்டும்.

> 'பண்டகசாலை'?

சரக்கு வந்துவிடுகிறது, ஆள் வெளியே நின்றுவிடுகிறார். அதோடு, பண்டகசாலை என்றதும் என் தலைமுறைக்காரர்களுக்குக் 'கூட்டுறவு' முன்னால் ஒட்டிக்கொண்டு பாமாயில் வரிசை கண்ணில் தெரியும். அதை மறக்கடிக்க என்னால் ஆகாது.

> இந்தக் கட்டடத்துக்கு மதத்தோடு இவ்வளவு தொடர்பு உண்டா? வரி வசூலிக்க வசதியாக எல்லாரையும் ஓரிடத்தில் வைத்தார்கள், அவ்வளவுதானே?

வரிதான் பெரிய காரணம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது மட்டும் இல்லை. இஸ்லாமியச் சட்டத்தில் வெளிநாட்டு முஸ்லிமல்லாதவர் உள்ளே வர 'அமான்' என்ற அடைக்கலம் வேண்டும். அது காலவரையறை உள்ளது. ஓராண்டுக்கு மேல் தங்கினால் அவர் ஜிஸ்யா என்ற வரி கட்டும் குடியாகக் கருதப்படுவார் என்பது ஹனஃபி சட்ட மரபு. ஆக வணிகர் விருந்தாளியும் அல்ல, குடிமகனும் அல்ல. இப்படி இரண்டுக்கும் நடுவில் நிற்கும் ஆளை எங்கே தங்க வைப்பது என்ற சட்டக் கேள்விக்கு ஃபுண்டுக் கல்லால் கட்டிய விடை. வேறு பல ஃபுண்டுக்குகளின் வாடகை வக்ஃபு சொத்தாகப் பள்ளிவாசலுக்கும் மதரசாவுக்கும் போனது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எதிர்க்கரையில் கதை இன்னும் சுவாரசியம். 1179இல் மூன்றாம் லாத்தரன் திருச்சபைச் சங்கம் முஸ்லிம்களுக்கு ஆயுதம், இரும்பு, கப்பல் மரம் விற்பவர்களைச் சபையிலிருந்து விலக்குவதாக அறிவித்தது. 1198இல் போப் மூன்றாம் இன்னசென்ட், போர்ச்சரக்கு தவிர மற்றதை எகிப்தில் விற்கலாம் என்று வெனிஸுக்கு மட்டும் கொஞ்சம் தளர்த்தினார். வேளாண்மை இல்லாத ஊர், கடலைவிட்டால் பிழைப்பு இல்லை என்று வெனிஸ்காரர்கள் போய் முறையிட்டிருந்தார்கள். 1291இல் சிலுவைப்போரினர் கையிலிருந்த ஏக்கர் நகரம் எகிப்திய சுல்தானிடம் விழுந்ததும் தடை முழுத்தடையாக இறுகியது. அப்புறம் 1340களில் போப்பிடம் உரிமம் வாங்கி மறுபடியும் கப்பல் விட்டார்கள். ஆக மிளகு வாங்கப் போனவருக்கு போப் தரப்பின் அனுமதியும் வேண்டும், கெய்ரோ தரப்பின் அடைக்கலமும் வேண்டும். 1365இல் சைப்ரஸ் மன்னன் முதலாம் பீட்டர் அலெக்சாந்திரியாவைச் சூறையாடியபோது, அதில் கையே வைக்காத ஐரோப்பிய வணிகர்களும் எகிப்தை ஆண்ட மம்லூக் சுல்தான்களின் ஆட்சியில் பிடிபட்டார்கள். வாசலை வெளியிலிருந்து பூட்டுவது அப்போது எந்தப் பக்கம் வேலை செய்யும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரண இரவில் அது காவல், கெட்ட நாளில் சிறை.

இது முஸ்லிம் ஆட்சிகளுக்கு மட்டும் உரிய ஏற்பாடு என்று நினைத்துவிட வேண்டாம். வெனிஸ் இதே முறையைத் தன் ஊருக்குக் கொண்டுபோனது. ரியால்டோ பாலத்தடியில் 13ஆம் நூற்றாண்டில் ஏற்பட்ட ஃபோண்டாகோ டெய் டெடெஸ்கி, ஆல்ப்ஸ் தாண்டி வந்த ஜெர்மானியர்களுக்கானது. அவர்கள் அங்கேதான் தங்க வேண்டும், வெனிஸ் அரசு வைத்த தரகர் இல்லாமல் ஒரு மூட்டையைக் கைமாற்றக் கூடாது. 1505இல் எரிந்துபோனதை அரசே செலவு செய்து 1508க்குள் எழுப்பிவிட்டது. அந்தத் தரகும் வரியும் நிற்பதை வெனிஸால் தாங்க முடியாது. பிறகு 1621இல் துருக்கியருக்கென்று ஒரு ஃபோண்டாகோ வந்தபோது பொழுது சாய்ந்தால் பூட்டு, வெளியே கிறிஸ்தவக் காவலர், உள்ளே தொழுகைக்கு இடம். அலெக்சாந்திரியாவை அப்படியே கண்ணாடியில் திருப்பிக் காட்டினது போல.

> சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கு இந்த வர்ணனையைப் படித்ததும் 'கிட்டங்கி'தான் நினைவுக்கு வந்தது. மார்க்கெட் தெருவில் நகரத்தார் கிட்டங்கிகளில் தொழிலும் படுக்கையும் சாப்பாடும் ஒரே கூரையின் கீழ்தான் இருந்தன.

வந்த யோசனைகளில் மனத்துக்கு மிக நெருக்கமானது இதுதான். நீண்ட கூடம், ஒவ்வொரு மார்க்காவுக்கும் (தொழில் நிறுவனத்துக்கும்) ஒரு கைப்பெட்டி, அதன் பக்கத்திலேயே இரவில் விரிக்கும் பாய், பெட்டியடிப் பையன்கள், பொதுச் சமையல், ஊரில் ஒரு தண்டாயுதபாணி கோயில். உயிருள்ள சொல். சிக்கல் என்னவென்றால் கிட்டங்கியை நடத்தியவர்கள் வணிகர்களே. பிரிட்டிஷ் அரசு அங்கே வந்து யாரையும் உள்ளே வைத்துப் பூட்டவில்லை. ஒழுங்கும் கட்டுப்பாடும் உள்ளிருந்து வந்தவை.

அதனாலேயே அந்தச் சொல்லை வீணாக்காமல் வேறொரு இடத்தில் பயன்படுத்தலாம் என்று தோன்றுகிறது. வடக்கே ஹான்சா என்ற வட ஜெர்மானிய நகரக் கூட்டணி வணிகர்களின் 'கோன்டோர்' என்ற வணிக நிலையம் நமக்கு அடுத்த அத்தியாயத்தில் வருகிறது. ரஷ்யாவின் நோவ்கோரோதில் பீட்டர்ஹோஃப், நார்வேயின் பெர்கனில் பிரிக்கன், லண்டனில் ஸ்டீல்யார்டு. நோவ்கோரோதில் புனித பேதுரு தேவாலயம்தான் வழிபாட்டிடம், கருவூலம், சரக்குக் கிடங்கு மூன்றும். மெழுகும் மென்மயிர்த் தோலும் அங்கேதான் அடுக்கிக் கிடக்கும். இரவில் ஆட்கள் உள்ளேயே காவல் படுப்பார்கள், முற்றத்தில் நாயை அவிழ்த்துவிடுவார்கள். கதவைப் பூட்டியது அவர்களே. பெர்கனில் இருந்தவர்கள் மணமுடிக்கக் கூடாது என்பதும் அவர்களே போட்டுக்கொண்ட விதி. 1494இல் மாஸ்கோவின் ஆட்சியாளர் மூன்றாம் இவான் பீட்டர்ஹோஃபை மூடிச் சரக்கைப் பறிமுதல் செய்தபோதுதான் அரசின் கை நேரடியாக உள்ளே நுழைந்தது. இந்த வகைக்கு 'கிட்டங்கி' கச்சிதம். ஃபுண்டுக்குக்கு அல்ல.

> யாழ்ப்பாணத்திலிருந்து: சிலப்பதிகாரத்தில் 'யவனர் இருக்கை' என்று புகாரில் வருகுதே. 'அயல்வணிகர் இருக்கை' என்று ஆக்கினால் என்ன?

அக்கா, அழகான சொல்தான். ஆனால் அது குடியிருப்புப் பகுதி, ஒரு தனிக் கட்டடம் அல்ல. புலம்பெயர்ந்து வந்தவர்கள் கலந்து இனிதாக வாழ்ந்தார்கள் என்றே அடுத்த அடிகள் சொல்கின்றன. நம்முடையது கலக்கவிடாத ஏற்பாடு. இன்னொன்று, இன்றைக்கு 'இருக்கை' என்றால் நாற்காலி, இல்லாவிட்டால் பல்கலைக்கழகத்தில் நிதி திரட்டி அமைப்பது. ஆனால் சீனாவின் குவாங்சோவில் அரபு, பாரசீக வணிகர்கள் தங்கள் தலைவரின் கீழ் வாழ்ந்த பகுதிக்கு இதைப் பயன்படுத்தலாம். 851இல் எழுதப்பட்ட அரபுக் குறிப்பு, அங்கே முஸ்லிம்களின் வழக்கைத் தீர்க்க ஒரு முஸ்லிமையே சீன அரசர் அமர்த்தியிருந்ததாகச் சொல்கிறது. அது கட்டடம் அல்ல, ஒரு பேட்டை. 'இருக்கை' அங்கே பொருந்தும்.

என் பரிந்துரை 'தாவளம்'.

ஐந்நூற்றுவர் வணிகக் குழுவின் கல்வெட்டுப் புகழுரைகளில் பதினெண் பட்டினம், முப்பத்திரண்டு வேளாபுரம், அறுபத்துநான்கு கடிகைத்தாவளம் என்று ஒரு வரிசை வரும். தங்குமிடம் என்பது தாவளத்தின் அகராதிப் பொருள். வணிகர் வழியில் நின்று தங்கி விற்கும் இடமாகக் கல்வெட்டில் புழங்குகிறது. சிங்களத்தில் தவலம என்றால் பொதிமாட்டுக் கூட்டம். அட்டப்பாடியில் தாவளம் என்றே ஓர் ஊர் இருக்கிறது. ஆளும் சரக்கும் சேர்ந்து தங்குவது என்ற கரு எங்கும் மாறவில்லை. காலமும் ஒத்துப்போகிறது. அலெக்சாந்திரியாவில் இறங்கிய மிளகு மலபாரிலிருந்து போனது. அந்த மிளகைப் பொதியேற்றிய உலகத்தின் சொல் இது.

> தாவளத்திலும் பூட்டு இல்லையே. கிட்டங்கிக்குச் சொன்ன அதே குறை.

எதிர்பார்த்த கேள்வி. கிட்டங்கி எப்படி இருக்கும் என்று வாசகருக்கு ஏற்கெனவே ஒரு படம் இருக்கிறது, பாட்டனார் பர்மாவிலோ மலாயாவிலோ படுத்த இடம் அது. அந்தப் படத்தை நாம் திருத்த முடியாது. தாவளம் பெரும்பாலோருக்கு வெறும் ஒலி. முதல் முறை வரும் இடத்தில் 'அரசு பூட்டிக் காத்து வரி வாங்கிய அயல்வணிகர் விடுதி' என்று ஒரு வரி விளக்கம் கொடுத்துவிட்டால் அதுவே பொருளாக நிற்கும். பூட்டையும் சொல்லுக்குள்ளேயே கொண்டுவர வேண்டும் என்பவர்கள் 'அடைதாவளம்' என்றார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. ஆட்டுப்பட்டி போலக் கேட்கிறது.

எழுதிப் பார்த்தவை:

'1228 வாக்கில் வெனிஸில் ஜெர்மானியர் தாவளம் இயங்கத் தொடங்கியிருந்தது.'

'தாவளத்துக்கு வெளியே நடந்த விற்பனை செல்லாது.'

'கிரானடாவில் 14ஆம் நூற்றாண்டுத் தாவளம் ஒன்று இன்றும் நிற்கிறது. கரிக்கொட்டில் என்று பின்னாளில் பெயர் பெற்றது.'

மூன்றும் தடுக்காமல் ஓடுகின்றன. ஸ்பானியத்தில் அல்ஓண்டிகா நாளடைவில் தானியச் சந்தையாகிவிட்டது, அந்த இடங்களில் மட்டும் மூலச்சொல்லையே வைத்துக்கொள்ளலாம். 'கன்சல்' இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும். துணைத்தூதர் என்று எழுதினால் விசா வாங்கும் வரிசை நினைவுக்கு வரும்; அதற்குத் தனி இழை தொடங்குங்கள், இதில் கலக்க வேண்டாம்.

கல்வெட்டுகளில் பழக்கம் உள்ளவர்கள் ஒரு உதவி செய்ய வேண்டும். தாவளத்தில் தங்க அல்லது விற்கக் கொடுத்த கட்டணத்துக்குத் தனிச்சொல் எங்காவது கண்ணில் பட்டிருந்தால் எழுதுங்கள். 'தாவளக் கூலி' என்று இப்போதைக்குப் போட்டிருக்கிறேன்.