வடக்குத்தெரு குடும்பம்: ஞாயிறு மதுரை வேன்

புதன், மாலை

சண்முகம் பெரியப்பா: ஞாயித்துக்கிழமை காலைல 5 மணிக்கு வேன். மதுரைல ராஜத்தைப் பாத்துட்டு அப்படியே அழகர்கோவில். வாரவங்க பேர் சொல்லுங்க.

கோமதி அத்தை: நானும் இவரும்

மீனா மதினி: நாங்க 4 பேர் மாமா. பாப்பாவைச் சேத்து 5

பாலா: அழகர்கோவில் தோசை பெங்களூருக்கு ஒரு பார்சல்

முருகன் மாமா: நான் ராஜபாளையத்துல ஏறிக்கிடுதேன்.

கதிர்: 14 சீட்டு. அட்வான்ஸ் 2000 குடுத்தாச்சு

செல்வி: பெரியப்பா, இந்த ஞாயிறு வேண்டாம். கோவிச்சுக்காம முழுசா படிங்க. அம்மாவுக்கு ரெண்டாவது கீமோ போன வியாழக்கிழமை போட்டாங்க. ஊசி போட்ட ஏழாம் நாள்ல இருந்து பதினாலாம் நாள் வரைக்கும் ரத்தத்துல வெள்ளை அணு ரொம்ப இறங்கிரும். ஞாயிறு பத்தாம் நாள். போன தடவை இதே சமயத்துல நியூட்ரோஃபில், அதான் கிருமியை எதிர்க்கற வெள்ளை அணு, 600 தான் இருந்துச்சு, 1500க்கு மேல இருக்கணும். நமக்கு ரெண்டு நாள் மூக்கு ஒழுகிட்டுப் போற சளி அம்மாவை ஐ.சி.யூ.ல கொண்டு போய் விட்ரும். அத்தனை பேர் ஒரே ரூம்ல உக்காந்து பேசறது தான் பயமே.

கோமதி அத்தை: ஆபரேஷனுக்கும் சொல்லல. இப்ப பாக்கவும் கூடாதா

பாலா: அம்மா விடு

கோமதி அத்தை: நீ சும்மா இரு

சண்முகம் பெரியப்பா: நாங்க என்ன நோயைத் தூக்கிட்டா வாரோம். மூத்தவன் போய்ப் பாக்கலேன்னா ஊர் என்ன பேசும். தம்பி இருந்திருந்தா எங்கள வாசல்லயே நிறுத்தியிருப்பானா

பாலா: மாமா அந்தப் பேச்சு வேண்டாமே

சண்முகம் பெரியப்பா: கிணத்துப் பிரச்சனைல இருந்தே இப்படித்தான்.

கதிர்: அப்பா கிணறு எதுக்கு இப்ப

முருகன் மாமா: (பலமுறை பகிரப்பட்டது) சீந்தில் கொடி கஷாயம் 48 நாள் வெறும் வயித்துல குடித்தால் எந்தப் புற்றும் கரையும். ஆஸ்பத்திரிக்காரர்கள் மறைக்கும் ரகசியம். 10 பேருக்கு அனுப்பவும்.

முருகன் மாமா: நம்ம தோட்டத்துலயே படந்து கிடக்கு. பறிச்சுட்டு வாரேன்

செல்வி: மாமா, கை எடுத்துக் கும்பிடறேன், அது மட்டும் வேண்டாம். கொரோனா சமயத்துல சீந்தில் சாப்பிட்டு கல்லீரல் கெட்டு வந்தவங்களைப் பத்தி மும்பை டாக்டர்களே எழுதியிருக்காங்க. அம்மாவோட கீமோ மருந்தை உடம்புல இருந்து கழிச்சு வெளியேத்தறதே பெரும்பாலும் கல்லீரல் தான். அது கெட்டா அடுத்த ஊசியைத் தள்ளி வைப்பாங்க. மஞ்சள் மாத்திரை, வைட்டமின் மாத்திரை எதுவா இருந்தாலும் டாக்டர்ட்ட கேக்காம குடுக்கறதில்ல. ரசத்துல போடற மஞ்சள் தாராளமா போடலாம்.

கோமதி அத்தை: எல்லாத்தையும் டாக்டர் சொல்லணும். ஊசி போட முன்னாடியே எத்தன டெஸ்ட். எக்கோ எதுக்கு, நெஞ்சுலயா நோவு? எல்லாம் காசு பிடுங்கத்தான்

செல்வி: இல்ல அத்தை, அது அவசியம் எடுக்க வேண்டியது. அம்மாவுக்குப் போடறது சிவப்பு மருந்து. பாத்தாலே தெரியும், சிரிஞ்சுல ரோஸ் சிரப் மாதிரி இருக்கும், அன்னைக்கு ஒண்ணுக்குக் கூட சிவப்பாப் போகும். அது இதயத்தோட பம்ப் பண்ற சக்தியைக் குறைச்சிரலாம், அதனால முதல்லயே எக்கோ எடுத்து அளவு தெரிஞ்சு வச்சுக்கறாங்க. ஹெப்படைட்டிஸ் பி பாத்ததும் காரணமாத்தான். அந்தக் கிருமி உடம்புல சத்தமில்லாம தூங்கிட்டு இருந்தா கீமோல முழிச்சுக்கிட்டு கல்லீரலை அடிச்சிரும். இருக்குன்னு முன்னாடியே தெரிஞ்சா மாத்திரை குடுத்துட்டு ஊசி போடுவாங்க. சி.டி. ஸ்கேனுக்கு முன்னாடி கிரியாட்டினின்னு கிட்னி டெஸ்ட் பாத்ததும் அப்படித்தான், சர்க்கரை இருக்கறவங்களுக்கு ஸ்கேனுக்கு ஏத்தற டை மருந்தைக் கிட்னி தாங்குமான்னு பாக்கணும்.

பாலா: காப்பீட்டு அட்டைல வந்துருச்சா

செல்வி: கீமோ வருது. சில டெஸ்ட் வெளிய எடுத்தது.

பாலா: பில் அனுப்பு. நான் பாத்துக்கிறேன்

மீனா மதினி: செல்வி, பிள்ளைங்க மட்டும் வாசல்ல நின்னு பாத்துட்டு வந்துரட்டுமா. சின்ன அத்தைய கேட்டுட்டே இருக்கான் கவின்

செல்வி: மதினி, கவினுக்கு அம்மை போட்டிருந்துச்சுல்ல? எப்ப?

மீனா மதினி: ரெண்டு வாரம் ஆச்சு. மூணு தண்ணி ஊத்தியாச்சு. பொருக்கெல்லாம் உதிந்து போச்சு

செல்வி: கவின் சரி. சின்னவன் கூடத்தான் படுத்தான்?

மீனா மதினி: ஆமா ஒரே பாய்

செல்வி: அப்ப சின்னவனுக்கு இனிமே தான் வரலாம். ஒட்டினதுக்கு அப்புறம் 10 நாள்ல இருந்து 21 நாள் வரைக்கும் எப்ப வேணா வரும். கொப்புளம் தெரியறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே அடுத்தவங்களுக்கு ஒட்டிரும். வேன்ல சிரிச்சுட்டு வர்ற பிள்ளைகிட்ட இருக்கான்னு யாருக்கும் தெரியாது.

சண்முகம் பெரியப்பா: ராஜத்துக்குச் சின்ன வயசுலயே வந்திருக்கும். ஒரு தடவ வந்தா வராது.

முருகன் மாமா: இல்ல அத்தான். அக்காவுக்கு வரல. எனக்குப் போட்டப்ப அவளைக் கழுகுமலை ஆச்சி வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. முழுப் பரிச்சை லீவு முழுக்க அங்கதான் இருந்தா.

செல்வி: மாமா!! இது எனக்குத் தெரியாது. அம்மாவும் சொல்லல. நாளைக்கே டாக்டர்ட்ட சொல்லிடறேன். கீமோ நடக்கும்போது அம்மாவுக்கு அம்மைத் தடுப்பூசி போட முடியாது, அது உயிருள்ள கிருமில செஞ்சது. அம்மை பட்டுட்டா அன்னைக்கே சொல்லணும், அப்பத்தான் காப்பாத்தற ஊசி போட முடியும்.

முருகன் மாமா: நீ கேளு. நான் சீந்தில் பறிக்கல

மீனா மதினி: பாப்பாவுக்கு திங்கக்கிழமை சொட்டு மருந்து போட்டோமே. அதுவும் ஆகாதா

செல்வி: அவளுக்குப் போட வேண்டியதெல்லாம் கண்டிப்பா போடுங்க மதினி, நிறுத்திராதீங்க. அந்தச் சொட்டு மருந்தும் உயிருள்ள கிருமி தான், சில வாரம் மலத்துல வெளிய போகும். அதனால பாப்பாவை அம்மா மடில வைக்க வேண்டாம், அவ்வளவுதான்.

செல்வி: பெரியப்பா, ஒண்ணே ஒண்ணு. கவினுக்குப் போட்டப்ப வாசல்ல வேப்பிலை சொருகினீங்க. பக்கத்து வீட்டுக்காரங்க கூட உள்ள வரல, அத யாரும் மரியாதைக் குறைவா நினைக்கல. எங்க வீட்டு வாசல்லயும் இப்ப வேப்பிலை சொருகியிருக்குன்னு நினைச்சுக்கோங்க.

கதிர்: அப்பா படிச்சுட்டாரு. பதில் போடல

ராஜம்: செல்வி சொல்றபடி கேளுங்க அத்தான். எனக்கும் எல்லாரையும் பாக்கணும்னு தான் இருக்கு. கோமதி மதினி மட்டும் வந்து கூட இருந்தா தேவலை. இவ ஆபீஸ் போனா வீடு வெறிச்னு இருக்கு

கோமதி அத்தை: நான் வந்தா இவர யாரு பாக்குறது

பாலா: அப்பாவுக்கு ஓட்டல் இருக்கு. நீ போம்மா

கோமதி அத்தை: அதிரசம் சுட்டு வச்சிருக்கேன் அவளுக்குன்னு

செல்வி: அத்தை நீங்க வந்தா எனக்குப் பாதி பாரம் போயிரும். நிஜமா. சளி, இருமல், வயித்துப்போக்கு எதுவும் இல்லேன்னா வாங்க, வர்றதுக்கு முன்னாடி ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கோங்க. அதிரசம் ஒண்ணு போதும், கீமோவுக்குப் போடற ஸ்டீராய்டுல சர்க்கரை ஏறிருது. சோறு குழம்பு சுடச்சுட. வெட்டி விக்கிற பழம், ரோட்டுப் பருத்திப்பால், பச்சை வெங்காயம் வேண்டாம். இடது கைல பி.பி. பாக்கவோ ரத்தம் எடுக்கவோ விடாதீங்க, அக்குள்ல நெறிக்கட்டி எடுத்த பக்கம். போன வாரம் லேப்ல இருந்து வந்த பையன் அந்தக் கைல தான் ரப்பரைக் கட்டினான், நான் ஓடிப் போய் அவுத்தேன். எல்லாத்தையும் விட முக்கியம், தெர்மாமீட்டர் ஃபிரிட்ஜ் மேல இருக்கு. 100.4 காட்டினா ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் ஆஸ்பத்திரி. காய்ச்சல் மாத்திரை குடுத்துப் பாப்போம்னு உக்காரக் கூடாது. மாத்திரைல காய்ச்சல் மறைஞ்சிரும், கிருமி உள்ள ஏறிட்டே இருக்கும். போன உடனே கீமோ பேஷண்ட்னு சொல்லுங்க, ஒரு மணி நேரத்துக்குள்ள ஆன்டிபயாடிக் ஏறணும்.

கோமதி அத்தை: 100.4

கோமதி அத்தை: எழுதி வச்சுக்கிட்டேன். வாரேன்னு சொல்லல. இவர்ட்ட கேக்கணும்

சண்முகம் பெரியப்பா: அப்ப அடுத்த ஞாயிறு?

செல்வி: அது பதினேழாம் நாள் பெரியப்பா. சனிக்கிழமை ரத்தம் பாத்துட்டுச் சொல்றேன். அணு ஏறியிருந்தா நீங்களும் பெரியம்மாவும் மட்டும் மாஸ்க் போட்டு வாங்க. பத்து நிமிஷம்.

சண்முகம் பெரியப்பா: பத்து நிமிஷத்துக்கு மதுரை வரைக்குமா

சண்முகம் பெரியப்பா: சரி பாப்போம்.

மீனா மதினி: அழகர்கோவில் இந்த வாரம் உண்டா இல்லையா மாமா

கதிர்: டிரைவர்ட்ட கேட்டேன். அடுத்த ஞாயிறு முகூர்த்தமாம், 1500 கூட கேக்கான். இந்த வாரம் கேன்சல்னா அட்வான்ஸ் தர மாட்டானாம்

முருகன் மாமா: என்ன வேன் அது? நம்ம துரைகிட்ட கேட்டியா

கதிர்: துரை வண்டி எஃப்.சி.ல நிக்கி