பெட்டிக்குள் தப்பியவரின் கதை: ஏழு வயதுப் பிள்ளைக்கு எதுவரை சொல்லலாம்?

சாயங்காலக் கதை:
போன வாரம் புது வாஷிங் மெஷின் வந்தது. அதன் அட்டைப்பெட்டியைப் பார்த்ததும் மகளுக்கு ஹென்றி பாக்ஸ் பிரவுன் கதையைச் சொல்லத் தோன்றியது. 1849 மார்ச்சில், அடிமையாக வைக்கப்பட்டிருந்த அமெரிக்காவின் ரிச்மண்டிலிருந்து, அடிமைமுறை இல்லாத பிலடெல்பியாவுக்குத் தன்னையே பார்சலாக்கி அனுப்பிக்கொண்டாரே, அவர்தான். அவருடைய பெட்டி 3 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி 8 அங்குல உயரம். தையல் டேப்பால் அளந்தால் எங்கள் பெட்டியும் கிட்டத்தட்ட அதேதான். உள்ளே உட்காரவைத்து, தண்ணீரும் பிஸ்கட்டும் கொடுத்துக் கதையைச் சொன்னேன். 27 மணி நேரப் பயணம், 'இந்தப் பக்கம் மேலே' என்று எழுதியிருந்தும் கப்பலில் தலைகீழாக வைத்துவிட்டார்கள், உட்கார இடம் தேடிய இரண்டு பேர் பெட்டியைப் புரட்டியதால்தான் பிழைத்தார். விழுந்து விழுந்து சிரித்தாள்.

மறுநாள் பக்கத்து வீட்டுப் பையனோடு விளையாட்டு: "நீ அடிமை, நான் போஸ்ட்மேன்." எனக்குச் சுருக்கென்றது. போதாக்குறைக்கு, "தாத்தாவும் காபிக்கு அடிமைன்னு பாட்டி சொல்றாங்களே, அவரும் பெட்டியில போவாரா?" என்கிறாள். பிரவுனின் மனைவி நான்சியையும் பிள்ளைகளையும் அவர்களுடைய எஜமான் விற்ற பகுதியை நான் வேண்டுமென்றேதான் விட்டேன். தூங்கப்போகும் நேரத்தில் அதை எப்படிச் சொல்வது? தப்பு செய்துவிட்டேனா?

நாலாம் வகுப்பு டீச்சர்:
விளையாடினால் விளையாடட்டும். ஆனால் நீங்கள் கதையை நடுவில் தொடங்கிவிட்டீர்கள் அம்மா. பெட்டி முதலில் வந்தால் அது சாகசக் கதைதான், சிரிக்கத்தான் செய்வாள். நான்சியிலிருந்து தொடங்குங்கள். அவளை விற்காமல் இருக்க, அவளுடைய எஜமானுக்குப் பிரவுன் பணம் கட்டிக்கொண்டே இருந்தார். வாங்கிக்கொண்டே அவன் 1848-இல் விற்றுவிட்டான். வயிற்றில் ஒரு பிள்ளை, கூட மூன்று பிள்ளைகள். ஓட்டிப்போன கூட்டத்தோடு பிரவுனும் அவள் கையைப் பிடித்தபடி சில மைல் நடந்தார். இவ்வளவு போதும். சவுக்கு, ரத்தம் எல்லாம் இந்த வயதுக்கு வேண்டாம். கையை விட வேண்டியிருந்தது என்பது ஏழு வயதுக்குப் புரியும்.

'அடிமை' என்ற சொல்தான் நம் வீடுகளில் பெரிய சிக்கல். காபிக்கு, செல்போனுக்கு, சீரியலுக்கு என்று எல்லாவற்றுக்கும் அதையே சொல்கிறோம். நான் வகுப்பில் 'அடிமையாக வைக்கப்பட்டவர்' என்றுதான் சொல்வேன். கொஞ்சம் நீளம், பரவாயில்லை. "யார் வச்சா டீச்சர்?" என்று ஒரு பிள்ளையாவது கேட்கும்.

கடைசி பெஞ்ச்:
பிரவுனைப் பெட்டியில் அனுப்ப உதவியவர்களையும் விட்டுவிடாதீர்கள். ஜேம்ஸ் ஸ்மித், சாமுவேல் ஸ்மித் என்று இரண்டு பேர், உறவுக்காரர்கள் இல்லை. ஒருவர் சுதந்திரமாக இருந்த கறுப்பர், இன்னொருவர் வெள்ளைக்காரர். பிறகு வேறு சிலரையும் இதேபோல் அனுப்பப் பார்த்து மாட்டிக்கொண்ட சாமுவேல் சிறைக்குப் போனார்.

அடுத்து, அடிமைத்தனத்திலிருந்து தானும் தப்பி, திரும்பிப் போய் மற்றவர்களையும் மீட்ட ஹேரியட் டப்மேன் கதைக்குப் போனால் ஒரு எச்சரிக்கை: 300 பேரை மீட்டார் என்று பல புத்தகங்களில் இருக்கும். இன்றைய ஆய்வாளர்கள் கணக்கில் சுமார் 13 பயணம், சுமார் 70 பேர். பிடிபட்டால் உயிர் போகும், அதிலும் திரும்பத் திரும்பப் போனார். இதற்கு மேல் எண்ணிக்கையை ஏற்ற வேண்டிய அவசியமே இல்லை.

மழைக்கால லீவு:
குடும்பம் பிரியாத கதை வேண்டுமென்றால் ராபர்ட் ஸ்மால்ஸ். அமெரிக்க உள்நாட்டுப் போர் நேரம். 1862 மே 13 விடியற்காலை, அடிமைமுறைக்காகப் போரிட்ட தெற்குத் தரப்பின் சார்ல்ஸ்டன் துறைமுகம். கேப்டனும் அதிகாரிகளும் கரையில் தூங்கப் போயிருந்தார்கள். கப்பலில் அடிமையாக வேலை பார்த்த இவர் கேப்டனின் வைக்கோல் தொப்பியைப் போட்டுக்கொண்டு, பிளான்டர் என்ற அந்த நீராவிக் கப்பலைக் கிளப்பி, மனைவி பிள்ளைகளையும் வழியில் ஏற்றிக்கொண்டார். தெற்குத் தரப்பின் காவலில் இருந்த சம்டர் கோட்டை அருகே, சந்தேகம் வராதபடி முறைப்படி ஊதலை ஊதிக் கடந்தார். அப்புறம் எதிரே இருந்த வடக்குத் தரப்புக் கப்பல்கள் சுட்டுவிடாமலிருக்க வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கொடியாக ஏற்றினார். மொத்தம் 16 பேர் தப்பினார்கள். என் பையன் இதை நாலு தடவை சொல்லச் சொன்னான்.

சாயங்காலக் கதை:
டீச்சர், நேற்று நான்சியிலிருந்து சொன்னேன். பெட்டிக்குள் போகவில்லை, என் மடியிலேயே இருந்தாள். "அப்புறம் நான்சியைக் கண்டுபிடிச்சாரா?" என்றாள். இல்லை என்றேன். அவர் பிறகு இங்கிலாந்து போய் அங்கே வேறு கல்யாணம் செய்துகொண்டதையும் சொன்னேன். அவளுக்குப் பிடிக்கவே இல்லை. "அவர் மேல கோபம்" என்று திரும்பிப் படுத்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "வித்தவன் மேலதான் நிறைய கோபம்."

தாத்தாவிடம் போய், "இனிமே உங்களை அடிமைன்னு சொல்லக் கூடாதுன்னு பாட்டிகிட்ட சொல்லிட்டேன்" என்றாளாம். அவர் என்னைப் பார்த்து முழிக்கிறார்.

இன்று ராபர்ட் ஸ்மால்ஸ். தொப்பி கிடைத்துவிட்டது. கப்பல் ஊதலுக்குக் குக்கர் வைக்கலாம் என்கிறாள், சாம்பாருக்குப் பருப்பு எப்படியும் வேக வேண்டும்.