.223 ரெமிங்டன் வார்மின்ட் ரைபிள்: ரீமரில் கழுத்து விட்டத்தையும் ஃப்ரீபோரையும் எப்படி முடிவு செய்வது?

கேள்வி

அன்பர்களுக்கு வணக்கம். பிரெய்ரி டாக்குகள், தரை அணில்கள் ஆகிய வார்மின்ட்டுகளை, அதாவது தொல்லை தரும் சிறு விலங்குகளை, 200 முதல் 350 கஜ தூரத்தில் சுடுவதற்கென்றே, .223 ரெமிங்டன் தோட்டாவுக்கான போல்ட் ஆக்‌ஷன் ரைபிள் ஒன்றை உரிமம் பெற்ற கன்ஸ்மித் (துப்பாக்கி செய்பவர்) ஒருவரிடம் செய்யக் கொடுத்திருக்கிறேன். 26 அங்குலக் குழல் வந்து சேர்ந்துவிட்டது. அதன் ரைஃப்ளிங்கின் (உட்புறச் சுருள் பள்ளங்கள்) முறுக்கு 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று. மேகசின் கிடையாது, ஒவ்வொரு தோட்டாவாகக் கையால்தான் இட வேண்டும் என்பதால் தோட்டாவின் மொத்த நீளத்துக்குக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. சேம்பரை (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறை) கடைவதற்கான வெட்டுக்கருவியான ரீமரைத் தனியாகச் செய்து வாங்கலாம் என்றும், வரைபடத்தில் கழுத்து விட்டத்தையும் (கூட்டின் குறுகிய வாய்ப்பகுதி அமரும் இடத்தின் அளவு) ஃப்ரீபோர் நீளத்தையும் (குண்டு ரைஃப்ளிங்கைத் தொடும் முன் கடக்கும், பள்ளமில்லாத பகுதி) நானே குறித்துத் தர வேண்டும் என்றும் கன்ஸ்மித் சொல்லிவிட்டார்.

நான் இதுவரை செய்திருப்பது இவ்வளவுதான். ஒரே தயாரிப்புத் தொகுதியைச் சேர்ந்த பித்தளைத் தோட்டாக் கூடுகளை 1.750 அங்குலத்துக்கு வெட்டி, மருந்தும் பிரைமரும் இல்லாத மாதிரித் தோட்டாக்கள் இருபது செய்தேன். பந்துமுனை மைக்ரோமீட்டரில் கழுத்துச் சுவரின் தடிமன் 0.0120 முதல் 0.0128 அங்குலம் வரை காட்டியது. குண்டு அமர்த்திய பின் கழுத்தின் வெளிவிட்டம் 0.2480 முதல் 0.2495 வரை இருந்தது.

என் குழப்பம் இரண்டு இடங்களில் இருக்கிறது. துல்லியம் வேண்டுமானால் கழுத்தை 0.250 அங்குலமாக இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்று அனுபவமுள்ள ஒருவர் வற்புறுத்துகிறார். பொது வரையளவையொட்டிய 0.255 தளர்வானது என்பது அவர் கருத்து. ஃப்ரீபோரைப் பொறுத்தவரை, வழக்கமான 0.025 அங்குலத்தை வைத்துக்கொள்வதா, நீண்ட ஃப்ரீபோர் கொண்ட ‘வைல்டு’ என்ற சேம்பர் வடிவமைப்பைப் போல 0.062 அளவுக்குப் போவதா என்று தெரியவில்லை. பெரும்பாலும் 53 கிரெய்ன் எடையுள்ள தட்டையடிக் குண்டுகளையும், காற்று பலமாக அடிக்கும் நாட்களில் 75 கிரெய்ன் குண்டுகளையும் சுட விரும்புகிறேன். ரீமரை ஒருமுறைதான் வாங்க முடியும் என்பதால் தவறு செய்ய அஞ்சுகிறேன்.

பதில் 1

ரீமரைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே மாதிரித் தோட்டா செய்து அளந்திருக்கிறீர்கள். வேலையில் பாதி அங்கேயே முடிந்துவிட்டது என்பதால், உங்கள் அளவுகளிலிருந்தே விடை சொல்கிறேன்.

0.250 கழுத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். உங்கள் தோட்டாக்களில் மிகப் பெரியது 0.2495, 0.250 சேம்பரில் அதற்குக் கிடைக்கும் இடைவெளி ஆயிரத்தில் அரை அங்குலம், அதாவது பக்கத்துக்குக் கால் ஆயிரம்தான். கூட்டின் கழுத்து விரிந்து குண்டை விடுவிக்க இடமில்லாமல் போனால், சேம்பரே குண்டைக் கழுத்தோடு சேர்த்து நெரித்துப் பிடித்ததுபோல் ஆகி அழுத்தம் திடீரென்று ஏறும். அதோடு, ஒவ்வொரு முறை சுடும்போதும் பித்தளை சிறிது சிறிதாக முன்னோக்கி நகர்ந்து கழுத்தைத் தடிக்கச் செய்யும். இன்று 0.2495 காட்டும் கழுத்து, ஐந்தாறு முறை சுட்ட பிறகும் 0.2495 ஆகவே இருக்கும் என்று நம்பக் கூடாது.

இறுக்கமான கழுத்து எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 6 மிமீ பிபிசி போன்ற பெஞ்ச்ரெஸ்ட் (துப்பாக்கியை மேசையில் தாங்கிச் சுடும் துல்லியப் போட்டி) தோட்டாக்களில் 0.262 கழுத்து என்பது நெடுநாள் வழக்கம். ஆனால் அந்தப் போட்டியாளர்கள் ஒவ்வொரு கூட்டின் கழுத்தையும் கடைந்து, சுவர் தடிமனைப் பத்தாயிரத்தில் ஓரிரு பங்குக்குள் சமன் செய்த பிறகே அதைச் சுடுகிறார்கள். நாள் முழுவதும் நூற்றுக்கணக்கில் சுட வேண்டிய, தூசியும் புழுதியும் நிறைந்த வார்மின்ட் களத்துக்கு அந்த ஒழுங்கு பொருந்தாது.

கழுத்தைக் கடையாமல் சுடுவதாக இருந்தால், மிகப் பெரிய தோட்டாவின் விட்டத்தோடு ஆயிரத்தில் மூன்று முதல் நான்கு அங்குலம் சேர்த்துக்கொள்வது நான் கடைப்பிடிக்கும் கணக்கு. உங்களுக்கு அது 0.253 என்று வருகிறது, இடைவெளி 0.0035. ரீமர் தன் அளவைவிடச் சற்றுப் பெரிதாகவே வெட்டும் என்பதால், கடைந்த சேம்பர் அதைவிட மிகச் சிறிதளவு தளர்வாக இருக்கும். அது உங்களுக்கு நன்மையே.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. அமெரிக்கத் துப்பாக்கி, தோட்டா உற்பத்தியாளர்களின் தர அமைப்பான எஸ்ஏஏஎம்ஐ வரையளவின்படி .223 தோட்டாவின் கழுத்து உச்சமாக 0.253 வரை இருக்கலாம். ஆகவே தடித்த கழுத்துள்ள தொழிற்சாலைத் தோட்டா ஒன்றை இந்தச் சேம்பரில் இட்டால் இடைவெளியே இல்லாமல் போகக்கூடும். குழலின் மேல் கழுத்து அளவைக் கண்ணில் படும்படி பொறிக்கச் சொல்லுங்கள். வேறு யாரேனும் கடைத் தோட்டாக்களை இதில் சுடும் வாய்ப்பு சிறிதளவு இருந்தாலும் 0.255 உடன் நின்றுவிடுங்கள். அதனால் நீங்கள் இழக்கும் துல்லியத்தை ஒரு தரை அணிலின் மேல் காட்டவே முடியாது.

பின்னாளில் ஐயம் வந்தால் இப்படிச் சோதித்துப் பாருங்கள்: சுட்டெடுத்த கூட்டை டையில் (கூட்டைப் பழைய அளவுக்குச் சுருக்கும் அச்சு) போடாமல், அதன் வாயில் புதிய குண்டு ஒன்றை விரலால் நுழையுங்கள். தடையின்றி வழுக்கிக்கொண்டு உள்ளே இறங்கினால் இடைவெளி போதுமானது. சிக்கினால் அந்தக் கூடுகளை மேற்கொண்டு சுடக் கூடாது.

பதில் 2

கழுத்து பற்றி மேலே சொன்னதை ஏற்கிறேன். ஃப்ரீபோரில்தான் நீங்கள் ஒரு முடிவெடுக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் 53 கிரெய்னும் 75 கிரெய்னும் ஒரே தொண்டையில் (ஃப்ரீபோரும், ரைஃப்ளிங் எழத் தொடங்கும் சரிவும் சேர்ந்த பகுதி) நிறைவாக அமைவதில்லை.

.223 கூட்டின் கழுத்து நீளம் 0.203 அங்குலம்தான், குண்டின் விட்டத்தைவிடவும் குறைவு. குட்டையான தட்டையடிக் குண்டை நீண்ட தொண்டையில் ரைஃப்ளிங்கின் அருகே கொண்டுபோய் நிறுத்த முயன்றால், கழுத்துக்குள் பிடிப்பு மிகக் குறைந்துபோய் குண்டு கோணலாக அமரும். மாறாக, 75 கிரெய்ன் படகுவால் (அடி குறுகிய) குண்டைக் குட்டைத் தொண்டையில் இட்டால், அது தோளுக்குக் (கழுத்தின் கீழே கூடு அகலும் இடம்) கீழே இறங்கி மருந்துக்கான இடத்தைத் தின்னும். கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் காலப்போக்கில் உட்புறமாகத் திரளும் பித்தளை வளையமும் அதை நெருக்கும்.

பெரும்பாலும் சுடப்போவது 53 கிரெய்ன் என்று நீங்களே சொல்லியிருப்பதால், அதற்காகவே ரீமரை வாங்குங்கள் என்பது என் உறுதியான கருத்து. குண்டின் அடி கழுத்துக்கும் தோளுக்குமான சந்திப்பைத் தாண்டாமல் நிற்கும்படி ஒரு மாதிரித் தோட்டா செய்து, குண்டு ரைஃப்ளிங்கை அந்த நிலையில் தொட வேண்டும் என்று எழுதி, ரீமர் செய்பவருக்கு அதையே அனுப்பிவிடுங்கள். காகிதத்தில் நாம் ஊகிக்கும் எண்ணைவிட, கையில் பிடித்து அளக்கக்கூடிய தோட்டா நம்பகமானது. ஏறத்தாழ 0.025 அங்குலத்தை ஒட்டித்தான் விடை வரும் என்று எதிர்பார்க்கிறேன்.

ஃப்ரீபோரின் விட்டத்தை 0.2245 என்று குறியுங்கள். குண்டைவிட அரை ஆயிரம் பெரியது. சரிவின் கோணம் எஸ்ஏஏஎம்ஐ வரைபடத்தில் மூன்று பாகைக்குச் சற்று மேல். தனியாகச் செய்யும் ரீமர்களில் ஒன்றரைப் பாகையே பரவலாக வழங்குகிறது, அதையே வைத்துக்கொள்ளலாம்.

குட்டையாகத் தொடங்குவதில் இன்னொரு வசதியும் உண்டு. தொண்டையைப் பின்னர் தனியான தொண்டை ரீமர் கொண்டு நீட்டிக்கொள்ளலாம். நீட்டிய தொண்டையைக் குறைக்க வேண்டுமானால் குழலைப் பின்புறம் வெட்டி மறுபடி சேம்பர் கடைவதைத் தவிர வேறு வழி இல்லை. சூடான குழலில் தொடர்ந்து சுடுபவரின் தொண்டை தானாகவே அரித்து முன்னே நகரும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நொடிக்கு 3,300 அடி வேகத்தில் புறப்படும் குண்டு, 8 அங்குல முறுக்கில் நிமிடத்துக்கு 2,97,000 சுற்று சுழலும். 12 அங்குல முறுக்கில் அது 1,98,000 மட்டுமே. மெல்லிய உறையுள்ள சில வார்மின்ட் குண்டுகள் அந்தச் சுழற்சியைத் தாங்காமல் இலக்கை அடையும் முன்பே சிதறிவிடும். குண்டை வாங்கும்போது அதன் உறையைப் பற்றி விசாரித்துக்கொள்ளுங்கள்.

பதில் 3

கழுத்தையும் தொண்டையையும் பற்றிப் பேசும்போது கூட்டின் அடிப்பகுதியை எல்லோரும் மறந்துவிடுகிறோம். நானும் மறந்தேன். என் முந்தைய ரைபிளின் ரீமரை அடிப்பகுதியில் மிகக் குறைந்த அளவுக்கு இறுக்கிச் செய்ய வைத்தேன். முதல் மூன்று முறை எல்லாம் நன்றாகவே இருந்தது. நான்காவது முறை சுட்டபின் போல்ட்டின் பிடி பாதி தூரம் இலகுவாக உயர்ந்து, உச்சியில் ‘டக்’ என்று ஒரு தடையைக் காட்டத் தொடங்கியது. மருந்தைக் குறைத்துப் பார்த்தேன், தடை போகவில்லை. கடைசியில் கூட்டின் அடியிலிருந்து 0.200 அங்குல உயரத்தில் விட்டத்தை அளந்தபோதுதான் காரணம் தெரிந்தது: டையில் போட்டெடுப்பதற்கு முன்பும் பின்பும் அளவு ஒன்றாகவே இருந்தது. என் டை அந்த இடத்தைத் தொடவே இல்லை.

ஆகையால் நீங்கள் பயன்படுத்தப்போகும் முழு அளவு டையில் போட்டெடுத்த கூட்டை அந்த உயரத்தில் அளந்து, சேம்பர் அதைவிட ஆயிரத்தில் ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் பெரிதாக இருக்கும்படி ரீமரைக் கேளுங்கள். பைலட்டை (ரீமரின் முனையில் துளைக்குள் சென்று வழிகாட்டும் பகுதி) கழற்றி மாற்றும் அமைப்பையே வாங்குங்கள். .22 குழல்களில் ரைஃப்ளிங் பள்ளங்களுக்கு இடைப்பட்ட மேட்டின் விட்டம் 0.219 என்று சொன்னாலும் குழலுக்குக் குழல் சிறிது மாறும். பொருத்தமான புஷ்ஷை (பைலட் வளையம்) தேர்ந்தெடுத்தால்தான் ரீமர் ஆடாமல் துளையின் மையத்தைப் பின்பற்றும்.

கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. டையில் போட்டெடுத்த கூடுகளை இன்று காலை அளந்தேன், 0.200 உயரத்தில் 0.3750 காட்டுகின்றன. எனவே சேம்பர் அந்த இடத்தில் 0.3767 வரும்படி கேட்கப்போகிறேன். கழுத்து 0.253, ஃப்ரீபோர் விட்டம் 0.2245, சரிவு ஒன்றரைப் பாகை, பைலட் கழற்றக்கூடியது. ஃப்ரீபோர் நீளத்துக்கான இடத்தை வரைபடத்தில் காலியாக விட்டு, 53 கிரெய்ன் குண்டு அமர்த்திய மாதிரித் தோட்டாக்கள் மூன்றை அதனுடன் இணைத்து அனுப்புகிறேன். 75 கிரெய்ன் ஆசையை இந்தக் குழலுக்கு விட்டுவிட்டேன். குழலில் பொறிக்க வேண்டிய வாசகத்தையும் கன்ஸ்மித்திடம் எழுதிக் கொடுத்தாயிற்று: .223 ரெமிங்டன், கழுத்து 0.253.